வலியசாலைக் குழந்தையும் குட்டிச்சாத்தனும்

சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடித்தனம் நடத்தும் தமிழ்க் குடும்பம் எதிலும் நிகழக்கூடிய ஒரு சிறு காட்சியை முதலில் மனக்கண் முன் கொண்டுவருவோம். மாலை நேரம். தந்தை அலுவலகத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை. தாய் அடுக்களையில் இருக்கிறாள். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டி யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள். 'யாரோடு பேசுகிறாய்?' என்று தாய் கேட்கிறாள். 'என் குட்டியோடு' என்று விடை வருகிறது. அந்தக் குட்டி நாய்க்குட்டியும் அன்று, பூனைக்குட்டியும் அன்று. அதற்குச் சிவந்த கண்களாம், நீண்ட வாலாம், விளக்கை அணைத்த பின்னரே வெளியே வருமாம், நெருப்பைக்கூடத் தின்னுமாம். ஆனால் தன்னை மட்டும் ஒன்றும் செய்யாதாம்.

இதைக் கேட்டதும் தாய்க்கு உடல் சிலிர்க்கிறது. இரவில் செய்தி அறிந்த தந்தை சிரித்துத் தள்ளிவிடுகிறார். பாட்டி உடன் இருந்தால் திருநீற்றுச் சம்புடத்தைத் தேடுகிறார். மூவரும் குழந்தையின்மேல் உள்ள அன்பினாலேயே அவ்வாறு செய்கின்றனர். எனினும், அந்தக் குட்டி ஏன் வந்தது என்று மூவரில் ஒருவரும் சிறுமியைக் கேட்பதில்லை. அக்கேள்வியைத்தான் இன்று நாம் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

இதற்கு விடை தேடத் திருவனந்தபுரத்தில் உள்ள வலியசாலைக்குச் செல்வது பொருத்தமாகும். பிற மொழி வழங்கும் மண்ணில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்ந்துவரும் இடம் அது என்பது ஒரு காரணம். குழந்தையைப் போன்ற உருவமும் பேயைப் போன்ற ஆற்றலும் கொண்டு, வீட்டில் வைத்து வளர்க்கப்படுவதாகச் சொல்லப்படும் குட்டிச்சாத்தன் கேரள மண்ணுக்கே உரிய கதைப் பாத்திரம் என்பது மற்றொரு காரணம்.

வலியசாலை என்றால் பெரிய சாலை என்று பொருள். இங்கே சாலை என்பது வண்டி செல்லும் பாதை அன்று. உணவும் கல்வியும் வழங்கிய அறநிலையம். முதலாம் இராசராசசோழனின் மெய்க்கீர்த்திகள் பெருமையுடன் கூறும் காந்தளூர்ச் சாலை இவ்விடமே என்பது ஆய்வாளர் பலருடைய கொள்கை. இங்குள்ள மகாதேவர் கோயில் இன்றும் காந்தளூர் என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. திருவிதாங்கூர் மன்னர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பத்மநாபபுரத்திலிருந்து தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றிக்கொண்டனர். அரசுப் பணி, கோயிற் பணி, வாணிகம் ஆகியவற்றை நாடித் தமிழர் பலர் இந்நகரில் நிலைகொண்டனர். வலியசாலையின் அக்கிரகாரத் தெருக்கள் அந்த வாழ்வின் அடையாளங்களாகும்.

சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், வாசலில் கோலம், உள்ளே தமிழ். நாலு எட்டு நடந்து சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தால் மலையாளம். இத்தகைய தெருவில் வளரும் குழந்தைக்கு இரண்டு மொழிகளின் கதைகளும் சேர்ந்தே கிடைக்கும். பாட்டி சொல்வது விக்கிரமாதித்தன் முதுகில் ஏறிய வேதாளத்தின் கதை. பள்ளித் தோழி சொல்வது பாலைமரத்து யட்சியின் கதையும், கூரைமேல் கல்லெறியும் குட்டிச்சாத்தனின் கதையும். கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் 1934 வரை எட்டுப் பகுதிகளாக வெளியிட்ட 'ஐதிகமாலை' என்னும் மலையாளத் தொகுப்பில் யட்சிகளும் மந்திரவாதிகளும் சாத்தனும் மலிந்து கிடப்பதைக் காணலாம்.

குட்டிச்சாத்தன் செய்வனவாக மக்கள் சொல்லிவரும் செயல்களைச் சற்றுக் கூர்ந்து கவனிப்போம். ஆள் தெரியாமல் ஓட்டின்மேல் கல் விழும். இதற்குச் சாத்தனேறு என்றே மலையாளத்தில் பெயர். சமைத்து வைத்த சோற்றில் மயிர் கிடக்கும். கொடியில் உலர்த்திய துணி தீப்பற்றும். வைத்த பொருள் வைத்த இடத்தில் இராது. இவை யாவும் ஊரை அழிக்கும் அரக்கனின் செயல்களாகத் தோன்றுகின்றனவா? இல்லை. யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்று சினங்கொண்ட ஒரு பொல்லாத பிள்ளையின் செயல்களாகவே தோன்றுகின்றன. தமிழ் வீடுகளில் துடுக்கான பிள்ளையைக் 'குட்டிச்சாத்தான்' என்று செல்லமாகத் திட்டுவது பொருளற்ற வழக்கு அன்று.

அப்பெயரின் வரலாறும் சுவையானது. விவிலியத்தில் வரும் சாத்தான் எபிரேய மொழிச் சொல். நம் சாத்தனோ அதற்குத் தொடர்பில்லாத பழைய பெயர். இரண்டும் ஒலியால் நெருங்கியிருப்பதால் பேச்சு வழக்கில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. சாத்தன் என்பது பண்டைத் தமிழகத்தில் மிகப் பரவலாக வழங்கிய மக்கட்பெயர். மணிமேகலை பாடிய புலவர் சீத்தலைச் சாத்தனார். இலக்கண உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டு வேண்டும்போதெல்லாம் சாத்தனையே அழைத்தனர். ஐயனாருக்கும் அப்பெயர் உண்டு. ஊர்காக்கும் தெய்வத்தின் பெயரும் கல்லெறியும் பேயின் பெயரும் ஒன்றாக அமைந்தது எண்ணத்தக்கது. காவலும் அச்சமும் மக்கள் மனத்தில் அடுத்தடுத்த அறைகளிலேயே குடியிருக்கின்றன போலும்.

சேரநாட்டு இளங்கோவடிகள் இயற்றியதாகப் போற்றப்படும் சிலப்பதிகாரத்திலும் ஒரு சாத்தன் வருகிறான். மாலதி என்னும் பெண் தன் மாற்றாளின் குழந்தைக்குப் பால் புகட்டுகையில் பால் விக்கி அது இறந்துவிடுகிறது. பழிக்கு அஞ்சிய அவள் குழந்தையை ஏந்திக்கொண்டு புகார் நகரத்துக் கோயில்தோறும் சென்று அழுகிறாள். இறந்த குழந்தையை இடாகினிப் பேய் பறித்துத் தின்றுவிடுகிறது. அப்போது பாசண்டச் சாத்தன் என்னும் தெய்வம் இரங்கித் தானே அக்குழந்தையாக மாறி அவளுடன் வீட்டுக்கு வருகிறது, வளர்கிறது, கற்கிறது, தேவந்தி என்பாளை மணந்து எட்டு ஆண்டுகள் வாழ்ந்தபின் தன் உண்மை வடிவைக் காட்டி நீங்குகிறது. துயரமும் அச்சமும் தாங்கமுடியாத அளவில் ஒரு வீட்டில் புகுந்தபோது, மனிதர் அல்லாத ஒன்று குழந்தையாக வந்து அந்த இடத்தை நிரப்பியது என்பதே இக்கதையின் சாரம்.

வடகேரளத்தில் தெய்யமாக ஆடப்படும் குட்டிச்சாத்தனின் கதை இதற்கு நேர்மாறானது. காளகாட்டு இல்லத்து நம்பூதிரி ஒருவரிடம் தெய்வப் பிறப்பான பிள்ளை வளர்ந்தது. அது கட்டுக்கு அடங்கவில்லை. ஆசிரியர் அடித்தார், பிள்ளை ஆசிரியரைக் கொன்றது. வளர்த்தவரே சினங்கொண்டு பிள்ளையைத் துண்டு துண்டாக வெட்டி வேள்வித் தீயில் இடச்செய்தார். அத்துண்டுகளிலிருந்து பல நூறு சாத்தன்கள் கிளம்பி ஊரைக் கலக்கின. பின்னர் மக்கள் அதற்கு இடமும் வழிபாடும் அளித்த பிறகே அமைதி பிறந்தது என்பர். இக்கதையை நாம் எவ்வாறு கொண்டாலும் ஒன்று தெளிவு. அச்சம் தரும் அந்தப் பேய் முதலில் ஒரு குழந்தையாக இருந்தது. அடிபட்ட குழந்தையாக இருந்தது.

இனி, சாத்தனை வளர்ப்பவர்களிடம் வருவோம். கதைகளில் அதனை வளர்ப்பவன் பெரும்பாலும் மந்திரவாதி. அவன் அதை அடிமையாக வைத்திருக்கிறான். பகைவன் வீட்டில் கல்லெறிய ஏவுகிறான். புதையலைக் கொண்டுவரச் சொல்கிறான். அவனுக்கும் நிம்மதி இல்லை. ஏவல் பேய்க்கு ஓயாமல் வேலை கொடுக்கவேண்டும். வேலை தீர்ந்தால் அது ஏவியவன்மீதே பாயும். வேலைக்கு அலைந்த பூதத்திடம் நாய் வாலை நிமிர்த்தச் சொல்லித் தப்பியவனின் கதையை நம்மில் கேளாதார் யார்? அதிகாரத்தால் கட்டிவைத்த அச்சம், கயிறு தளர்ந்ததும் கட்டியவன்மேல் திரும்பும் என்பதே இக்கதைகளின் பாடம்.

குழந்தையோ வேறு வகையாகச் சாத்தனை வளர்க்கிறது. இவ்வேறுபாட்டை அழகாகக் காட்டியது 1984-இல் வெளிவந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்னும் மலையாளத் திரைப்படம். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம் என்று புகழ்பெற்ற அதனை நவோதயா நிறுவனத்தார் தயாரிக்க, ஜிஜோ இயக்கினார், இளையராஜா இசையமைத்தார். வடநாட்டில் வாழும் நேயர்கள் அதனை 1998-இல் 'சோட்டா சேத்தன்' என்னும் இந்திப் பெயரில் கண்டிருக்கக்கூடும். கொட்டகையில் சிறப்புக் கண்ணாடி அணிந்து, திரையிலிருந்து தம்மை நோக்கி நீண்ட பொருள்களைப் பிடிக்கக் கைநீட்டிய சிறுவர்கள் இன்று நடுவயதினர்.

அப்படத்தின் நடுவில் ஒரு தனிமைப்பட்ட சிறுமி இருக்கிறாள். தாய் இறந்துவிட்டாள். அத்துயரை மறக்கத் தந்தை மதுவில் வீழ்ந்திருக்கிறார். வீடு இருக்கிறது, வீட்டில் ஆள் இல்லாதது போன்ற நிலை. மந்திரவாதி புதையலுக்காக அடிமைப்படுத்திய குட்டிச்சாத்தன் அவளுக்கும் அவளுடைய இரு தோழர்களுக்கும் நண்பனாகிறான். சாத்தனுக்கு மது என்றால் தண்ணீர் மாதிரி. அவன் வீட்டுக்கு வந்தால் தந்தையின் குடியைக் குடித்தே தீர்த்துவிடுவான் அல்லவா? சிறுமிக்கு அந்தப் பேய் ஏன் தேவைப்பட்டது என்பது இங்கே விளங்குகிறது. தன்னால் தடுக்கமுடியாத ஒன்றைத் தடுக்கக்கூடிய வலிமை அதற்கு இருந்தது. மந்திரவாதி சாத்தனுக்குக் கட்டளை இட்டான். குழந்தை அதற்குப் பெயர் சொல்லி அழைத்துத் தின்பண்டத்தில் பங்கு கொடுத்தது.

இது கதையளவில் நின்றுவிடும் செய்தி அன்று. கண்ணுக்குத் தெரியாத தோழர்களைப் படைத்துக்கொள்ளும் குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஜரி டெய்லர் என்னும் உளவியல் அறிஞர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1999-இல் இதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அவரும் துணைவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் ஏதேனும் ஒரு காலத்தில் இத்தகைய தோழமை கொண்டிருந்த குழந்தைகள் 65 விழுக்காட்டினர் என்று கண்டனர். உயிருள்ளதாகக் கருதிப் பேசும் பொம்மைகளும் இக்கணக்கில் சேரும். இத்தோழர் எல்லாரும் மனித உருவினர் அல்லர். விலங்குகள் உண்டு, உலகில் இல்லாத விந்தைப் பிராணிகளும் உண்டு. சொன்ன பேச்சைக் கேளாத முரட்டுத் தோழர்களும் உண்டு.

இவ்வாராய்ச்சிகளில் பெற்றோர் அறியவேண்டிய செய்திகள் இரண்டு. இத்தகைய தோழனை உடைய குழந்தை பெரும்பாலும் கூச்சம் மிகுந்ததும் அன்று, மனநலம் குன்றியதும் அன்று. தான் பேசும் தோழன் உண்மையில் இல்லை என்பதும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தெரிந்தே இருக்கிறது. ஆயினும், மூத்த குழந்தைகளிடத்தும் உடன்பிறப்பு இல்லாத ஒற்றைக் குழந்தைகளிடத்தும் இது மிகுதி. உடன் விளையாட ஒருவர் இல்லாத நாழிகைகளை உள்ளம் தானே நிரப்பிக்கொள்கிறது.

அப்படியானால் அத்தோழன் ஏன் சிவந்த கண்ணும் நீண்ட வாலும் கொண்டு வரவேண்டும்? அழகிய முயலாக வரலாகாதா? முயலாகவும் வருவதுண்டு. ஆனால் அச்சம் உள்ள குழந்தைக்கு முயல் போதாது. இருட்டு, அயல்மொழி பேசும் பள்ளி, தெரியாத மாடிப்படி, பெற்றோரின் சண்டை ஆகியவை பெரிய அச்சங்கள். அவற்றை எதிர்க்க அவற்றைவிடப் பெரியதொன்று தன் பக்கம் நிற்கவேண்டும். கட்டிலுக்கு அடியில் ஏதோ இருக்கிறது என்று நடுங்கிய குழந்தை, ஒருநாள் அந்த 'ஏதோ' ஒன்றுக்குப் பெயரிட்டு, அதற்கு முறுக்கில் ஒரு துண்டு கொடுக்கிறது. அன்றுமுதல் இருட்டு அதன் பகையன்று; காவல். ஐயனாரை ஊர் எல்லையில் கொடிய வாளுடன் நிறுத்திவிட்டு அமைதியாக உறங்கிய நம் முன்னோரும் இதனையே செய்தனர் எனலாம்.

ஆனால் எல்லாச் சாத்தன்களும் இப்படி அடங்கியிருப்பதில்லை. திருவல்லாவில் 1898-இல் பிறந்து, இலங்கைக்குச் சென்று ஆசிரியராகப் பணியாற்றி, 1978-இல் மறைந்த ஆபிரகாம் கோவூர் என்னும் பகுத்தறிவாளரை நேயர்கள் சிலர் அறிந்திருப்பர். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்ட வீடுகள் பலவற்றை அவர் நேரில் ஆராய்ந்தார். கல்லெறிந்தவை மனிதக் கைகளே என்று எழுதினார். இத்தகைய நிகழ்ச்சிகளை ஆராய்ந்த வேறு பலரும், அக்கைகள் பல வேளைகளில் அவ்வீட்டிலேயே வாழும் மனம் நொந்த சிறுவனுடையவோ சிறுமியுடையவோ ஆகும் என்று கண்டனர். வாயால் சொல்ல இயலாததைக் கல்லால் சொல்லிய பிள்ளைகள் அவர்கள். அந்த வீட்டுக்கு மந்திரவாதியை அழைத்துவந்து, பேய் ஓட்டுவதாகக் கூறிப் பிள்ளையை அடித்தால் என்ன ஆகும்? காளகாட்டு இல்லத்துக் கதைதான் மீண்டும் நடக்கும். ஒரு சாத்தன் பல நூறாகும்.

இனி, நம் நேயர்களின் வீடுகளுக்குத் திரும்புவோம். வலியசாலையின் ஒட்டுவீட்டுத் தெருவில் குழந்தை வாசலுக்கு வந்தால் நாலு வீட்டுக் கண்கள் அதன்மேல் இருக்கும். பேசுவதற்குத் தமிழ் அறிந்த கிழவி ஒருத்தியேனும் கிடைப்பாள். மும்பையிலோ தில்லியிலோ புனேயிலோ அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏழாம் மாடியில் வாழும் தமிழ்க் குழந்தைக்கு அந்தத் தெரு இல்லை. பள்ளியில் ஒரு மொழி, விளையாட்டுத் திடலில் ஒரு மொழி, தொலைக்காட்சியில் மற்றொன்று. வீட்டிலோ தமிழ் பேச வேண்டியவர்கள் இரவு எட்டு மணிக்குத்தான் வருகிறார்கள். அங்கே கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குட்டி வெளிவந்தால் அதில் வியப்பில்லை.

அப்போது நாம் என்ன செய்வது? முதலாவது, நகையாடலாகாது, அஞ்சி அலறவும் ஆகாது. 'அதன் பெயர் என்ன? அது எங்கே தூங்கும்? அதற்கு எதைக் கண்டால் பயம்?' என்று அமைதியாகக் கேட்கவேண்டும். கடைசிக் கேள்விக்குக் குழந்தை சொல்லும் விடையில் குட்டியின் பயம் அன்று, குழந்தையின் பயமே வெளிப்படும். 'அது எந்த மொழியில் பேசும்?' என்றும் கேட்டுப் பாருங்கள். தமிழில்தான் பேசும் என்று குழந்தை சொல்லுமானால், அந்த வீட்டில் நாள் முழுவதும் அதனோடு தமிழ் பேசிய ஒரே தோழன் அந்தச் சாத்தன்தான் என்று அறிந்துகொள்ளலாம். அது குழந்தையைப் பற்றிய செய்தி மட்டுமன்று; நம்மைப் பற்றிய செய்தியும் ஆகும்.

இரண்டாவது, குழந்தை அழைத்தால் அவ்விளையாட்டில் சேரலாம். நாமே அதனை நடத்தத் தொடங்கலாகாது. 'உன் குட்டி பாலைக் குடித்துவிட்டது, நீயும் குடி' என்று தந்திரம் செய்யும் தாயும், 'சொன்னபடி கேட்காவிட்டால் சாத்தான் பிடித்துக்கொண்டு போய்விடும்' என்று மிரட்டும் தந்தையும் தம்மை அறியாமலே மந்திரவாதியின் தொழிலைச் செய்கிறார்கள். நண்பனாக வந்ததை ஏவலாளாக மாற்றினால் குழந்தைக்கு அந்த நண்பனும் இல்லாமற் போவான்.

மூன்றாவது, எல்லையும் அறிந்திருக்க வேண்டும். குழந்தை மற்றக் குழந்தைகளோடு சேர மறுத்துக் குட்டி ஒன்றே போதும் என்று ஒதுங்கினாலும், உணவும் உறக்கமும் குறைந்தாலும், தனக்கோ பிறர்க்கோ தீங்கு செய்யும்படி குட்டி சொல்கிறது என்று கூறினாலும், அது விளையாட்டின் எல்லையைக் கடந்துவிட்டது. அப்போது நாடவேண்டியவர் குழந்தை மருத்துவர் அல்லது மனநல மருத்துவர், மந்திரவாதி அல்லர்.

பெரும்பாலும் அந்த நிலை வருவதில்லை. குழந்தை வளர்ந்து தோழர்களைப் பெற்றதும் குட்டி தானே விடைபெற்றுச் செல்கிறது. பாசண்டச் சாத்தனும் தன் வேலை முடிந்ததும் போய்விட்டவனே. எப்போது போனது என்று கேட்டால் பல குழந்தைகளுக்கு நினைவிருப்பதில்லை. ஒருநாள் அது வரவில்லை. வரவில்லை என்பதும் தெரியவில்லை.

அது போகும்வரை நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. வலியசாலைத் தெருவைப் பெயர்த்து ஏழாம் மாடிக்குக் கொண்டுபோக நம்மால் இயலாது. ஆனால் அத்தெருவில் விளக்கேற்றும் நேரத்தில் நடந்ததைக் கொண்டுபோக இயலும். நாள்தோறும் கால் மணி நேரம் கைபேசியை எடுத்து வைத்துவிட்டு, குழந்தையின் அருகே தரையில் அமர்ந்து, வேதாளத்தின் கதையையோ நாய் வாலை நிமிர்த்திய பூதத்தின் கதையையோ தமிழில் சொல்லிப் பாருங்கள். நடுவே குழந்தை, 'சற்று நகர்ந்து உட்காருங்கள், என் குட்டியும் கதை கேட்க வந்திருக்கிறது' என்று சொல்லக்கூடும். நகர்ந்து இடம் கொடுங்கள். கதையைத் தொடருங்கள்.